கடலுக்கு அக்கரையில் ஓர் ஆசிரியர் தலைவர்

(காரைக்காலில் ஆலைத் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

நமது காரைக்கால் கரையிலிருந்து தெற்கே படகை விட்டால் சேருமிடம் யாழ்ப்பாணம். அங்கே வாழ்ந்த ஹண்டி பேரின்பநாயகம் என்ற உபாத்தியாயரைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம்.

நூல் நூற்கிறவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் வாத்தியார் சங்கத் தலைவரின் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். கூலிக்காரன் பிள்ளை பள்ளிக்கூடத்தில் எங்கே உட்கார்ந்தது என்ற கதையும் இதற்குள் இருக்கிறது. ஆகவே நமக்கு வேண்டிய கதைதான்.

அவர் பிறந்தது 1899-ல். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்தார், அங்கேயே ஆசிரியரானார். 1924-ல் அவரும் நண்பர்களும் மாணவர் காங்கிரஸைத் தொடங்கினார்கள். அதுவே பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. 1927-ல் காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது வரவேற்பில் முன்னின்றது இந்த ஸ்தாபனமே. பேரின்பநாயகம் கம்யூனிஸ்ட் அல்ல. காந்தியின் வழியில் நடந்தவர். ஆனால் வெள்ளைக்காரன் ஆட்சி ஒழிய வேண்டும், தீண்டாமை ஒழிய வேண்டும், தாய்மொழியில் படிப்பு வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அந்தக் காலத்து யாழ்ப்பாணப் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். உயர்சாதிப் பிள்ளைக்கு வாங்கு, அதாவது பெஞ்சு; ஒடுக்கப்பட்ட பிள்ளைக்குத் தரை. பல பள்ளிகளில் வாசல்படியே மிதிக்க முடியாது. சர்க்கார் மானியம் வாங்கும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான ஆசனம் தர வேண்டும் என்று 1920-களின் இறுதியில் உத்தரவு வந்தது. சாதிமான்கள் கொதித்தெழுந்தார்கள். சில பள்ளிக் கொட்டகைகள் நெருப்புக்கு இரையாயின. ஒரு குழந்தை பெஞ்சில் உட்கார்ந்ததற்காகப் பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள், தோழர்களே! அந்த நேரத்தில் சம ஆசனத்தின் பக்கம் நின்றவர்கள் வாலிபர் காங்கிரஸார்.

அவர்கள் செய்ததெல்லாம் சரி என்று நாம் சொல்லவில்லை. 1931-ல் டொனமூர் அரசியல் திட்டம் பூரண சுயராஜ்யம் தரவில்லை என்று சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். வடக்கே நான்கு தொகுதிகளில் ஒருவரும் மனுப் போடவில்லை. அன்னிய ஆட்சியை எதிர்த்த வேகம் போற்றத்தக்கது. ஆனால் அதே திட்டம்தான் 21 வயது வந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் முதன்முதலாக வாக்குரிமை தந்தது. நிலமற்ற ஏழைக்கு வாக்கு வந்தும் போட வழியில்லாமல் போயிற்று. 1934-ல்தான் அந்த இடங்கள் நிரம்பின. தலைவர்களின் தியாகம் எவ்வளவு பெரிதானாலும், அடியில் கிடப்பவனுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று கணக்குக் கேட்பது நமது கடமை.

அடுத்து ஆசிரியர் இயக்கத்துக்கு வருவோம். அன்றைய இலங்கையில் பெரும்பாலான நல்ல பள்ளிகள் மதச் சபைகளின் கையில் இருந்தன. சம்பளத்துக்குப் பணம் சர்க்காருடையது. வேலைக்கு எடுப்பதும் நீக்குவதும் மானேஜருடைய இஷ்டம். படித்த மனிதனானாலும் மானேஜர் முன்னால் ஆசிரியர் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. மிராசுதார் வாசலில் நின்றவர்களுக்கும் மேஸ்திரியின் சீட்டுக்குக் காத்திருந்தவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. இந்த ஆசிரியர்களைத் திரட்டிய வட மாகாண ஆசிரியர் சங்கத்துக்கும் அகில இலங்கை ஆசிரியர் சங்கத்துக்கும் பேரின்பநாயகம் தலைமை தாங்கினார்.

1947-ல் வட்டுக்கோட்டையில் சுயேச்சையாகத் தேர்தலில் நின்று தோற்றார். அதனால் அவர் முடங்கிவிடவில்லை. 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகப் பணியாற்றினார். பிறப்பால் கிறிஸ்தவர், இந்துக் கல்லூரிக்குத் தலைவர்! மதத்தைக் காட்டி மக்களைப் பிரிப்பவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

இதற்கிடையே 1945-ல் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. 1960-ல் உதவி பெறும் பள்ளிகளைச் சர்க்கார் ஏற்கும் சட்டம் வந்தது. மானேஜர் ராஜ்யம் பெருமளவு முடிந்தது. 1977-ல் பேரின்பநாயகம் காலமானார்.

தோழர்களே, 1936 ஜூலை 30-ல் புதுச்சேரியில் 12 ஆலைத் தொழிலாளர்கள் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அந்த ரத்தத்தின் பின்னாலேதான் எட்டு மணி நேர வேலை வந்தது. உரிமை சங்கத்தினால் வரும் என்பதை நாம் அறிவோம். ஆனால் சம்பளத்தோடு நின்றுவிடும் சங்கம் பாதிச் சங்கமே. வாத்தியாரின் ஊதியத்தையும் பிள்ளையின் பெஞ்சையும் ஒன்றாகப் பார்க்கும் சங்கமே முழுச் சங்கம்.

இன்று 6 வயது முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி, 2009-ம் ஆண்டுச் சட்டப்படி நமது பிள்ளைகளின் உரிமை. அந்த உரிமை ஏட்டில் மட்டும் இருந்தால் போதுமா? திருநள்ளாற்று வயலிலிருந்தும் நெடுங்காட்டுக் குடிசையிலிருந்தும் வரும் பிள்ளை முன்வரிசையில் உட்கார வேண்டும். தனியார் பள்ளியில் அற்பச் சம்பளத்துக்கு உழைக்கும் ஆசிரியையும் தொழிலாளிதான். அவருக்கும் சங்கம் வேண்டும். ஆசிரியர் போராடும்போது நாம் பக்கத்தில் நிற்போம். நமது பிள்ளைகளுக்காக ஆசிரியர் சங்கம் நிற்க வேண்டும் என்று உரிமையோடு கேட்போம்.

ஆசிரியர், தொழிலாளர், விவசாயி ஒற்றுமை ஓங்குக!