வாலில்லாத ஒலி

எழுத்தின் ஒலியை வைத்து ஆங்கிலம் படிக்கக் கற்றுத்தரும் ‘ஃபோனிக்ஸ் வகுப்பு’ என்ற பலகை இப்போது தெருவுக்குத் தெரு தொங்குகிறது. வண்ண அட்டை, பாட்டு, செயலி எல்லாம் உண்டு. ஒலியைத்தான் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. அதுதான் என் ஆதங்கம்.

எஸ், ஐ, டீ என்று எழுத்தின் பெயரை எத்தனை முறை ஒப்பித்தாலும் ‘ஸிட்’ வராது. அது உங்களுக்கே தெரியும். 26 எழுத்தை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுதுகிற மொழி ஆங்கிலம். ஆகவே ஒலியில் தொடங்குகிறோம். சரி. ஆனால் அந்த ஒலி வாலில்லாமல் வர வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், வாலில்லாமல்.

தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால் ‘கப்’ நம் வாயில் ‘கப்பு’ ஆகிறது. பேச்சில் அது இயல்பு. எழுத்துக்கூட்டும்போது அந்த உகர வால்தான் பகை. ‘டு-இ-பு’ என்று கூட்டினால் ‘டிப்’ எங்கிருந்து வரும்?

என் வகுப்பில் தொண்டையில் விரல் வைக்கச் சொல்வேன். ‘ப்’ என்னும்போது உதடு மட்டும் வெடிக்க வேண்டும். விரலுக்கு அதிர்வு தெரிந்தால் உயிரெழுத்து புகுந்துவிட்டது. வாயே திறக்காத ஒரு சிறுமி, பக்கத்தில் இருந்தவளின் தொண்டையைத் தொட்டுப் பார்த்து, “டீச்சர், இவளுக்குள்ள ‘உ’ இருக்கு!” என்று கத்தினாள். அன்று எனக்கிருந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் ஊரில் பிறந்த ஜாலி ஃபோனிக்ஸ் முறை எஸ், ஏ, டீ, ஐ, பீ, என் என்ற ஆறு எழுத்தில் தொடங்கும். எனக்கு உயிரான வரிசை அது. ஆறே எழுத்தில் ஸிட், பின், டிப், நிப் என்று முதல் வாரமே சொற்கள் கிடைத்துவிடும். ‘ஸ்’, ‘ன்’ இரண்டையும் மூச்சுள்ள மட்டும் இழுக்கலாம். ஸ்ஸ்ஸ்இஇட்! நடுவில் நிறுத்தாமல் இழுத்தால் ஒலிகள் தாமாகவே கூடும்.

இப்படி ஒலிகூட்டிப் படிக்க வராத ‘தி’ (the), ‘செட்’ (said) போன்ற முரண்டுச் சொற்களை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக்கொள்ளலாம்.

ஒலிகூட்டத் தெரிகிறதா என்று பார்க்க, 2012 முதல் இங்கிலாந்தில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு 40 சொற்கள் தந்து படிக்கச் சொல்கிறார்கள். அதில் 20 பொருளே இல்லாதவை. மனப்பாடம் அங்கே செல்லாது. நானும் பலகையில் ‘நிஸ்ப்’ என்று எழுதுவேன். கடைசி ‘ப்’புக்கு வால் முளைக்கிறதா என்று அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும்.