அம்மாவும் ஓடுகிறார்

அமெரிக்காவில் குளிர்காலம் வந்தால், பல வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு ஓய்வு. பிள்ளைகளுக்குக் கூடைப்பந்துப் பருவம்! மூத்தவனுக்கு ஓர் ஊரில் ஆட்டம், சின்னவளுக்கு வேறோர் ஊரில். அப்பா ஒரு கார், அம்மா ஒரு கார். இரவுச் சாப்பாடு, வீட்டுப்பாடம், தூக்கம் எல்லாம் பின் சீட்டில்தான்.

இந்தக் கூடைப்பந்தைத் தொடங்கி வைத்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர். குளிரில் வெளியே விளையாட முடியாத இளைஞர்களுக்காக, 1891 டிசம்பரில், ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், உள்ளரங்கில் இரண்டு பீச் பழக்கூடைகளை மாட்டினார். அந்தக் கூடைகளுக்கு அடிப்பக்கம் இருந்தது. அதனால் பந்து உள்ளே விழுந்தால், ஒருவர் ஏணியில் ஏறி எடுத்துத் தரவேண்டியிருந்தது!

இன்று கூடைப்பந்து ஆடும் ஒரு பையனிடம் அவன் மாமா கேட்டாராம்: "உங்க டீம்ல ரொம்ப ஓடுறது யாருப்பா?"

பையன் யோசிக்கவே இல்லை. "எங்க அம்மாதான் மாமா!"