பெருநாளன்று நான் சொல்லாமல் விட்ட சொல்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இஷா தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

 

சற்று முன்னர் ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. நீண்ட நாட்களாகப் பேச்சு வார்த்தையின்றி இருந்த இரு குடும்பங்களைச் சேர்த்து வைக்கும் முயற்சி நடைபெறுவதாக அதில் ஒரு வரி இருந்தது. அவர்கள் யார் என்று நான் கூறப்போவதில்லை. அவர்களுக்கிடையே நிலத் தகராறு இல்லை. கொடுக்கல் வாங்கல் வழக்கும் இல்லை. கொரோனா காலத்தில் நோய் கண்ட ஒருவர், தனிமையில் இருக்குமாறு கூறப்பட்டும் கேளாமல், உறவினர் வீட்டுக்கு வந்து சென்றார். அந்த மனத்தாங்கல்தான் இன்றளவும் நீடிக்கிறது.

2020 மார்ச் 11 அன்று இந்நோயை உலகளாவிய கொள்ளைநோய் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்கான சர்வதேச அவசரநிலை முடிவுற்றதாக 2023 மே 5 அன்று அதே நிறுவனம் அறிவித்தது. நம் வீடுகள் சிலவற்றில் அது இன்னும் முடியவில்லை. ஆகவே இது பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் தயங்கினேன். இதே வழக்கு என் வீட்டிலும் நடந்தது. அதில் நானும் ஒரு குற்றவாளி. பிறர் வீட்டுக் கதையைச் சொல்வதைவிட என் வீட்டுக் கதையைச் சொல்வதே முறை என்று கருதி உங்கள் முன் நிற்கிறேன்.

என் வீட்டில் நடந்தது

2021-ஆம் ஆண்டு மே மாதம். இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. மே 10 முதல் தமிழகத்தில் முழு ஊரடங்கு. பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்தன. மே 14, வெள்ளிக்கிழமை, ஈதுல் ஃபித்ர் பெருநாள். தொழுகையை வீட்டிலேயே நிறைவேற்றினோம்.

என் தாயாரைப் பெற்ற நன்னி அப்போது எங்களுடன் இருந்தார்கள். வயது எண்பதைக் கடந்தவர்கள். சர்க்கரை நோயும் இருந்தது. அவர்களின் மூத்த மகன், என் மாமு, இரண்டு தெருக்கள் தள்ளிக் குடியிருந்தார். மே 9 அன்று அவருக்குக் காய்ச்சல் கண்டது. இரு நாட்களில் பரிசோதனை முடிவு பாசிட்டிவ் என வந்தது. மூச்சுத் திணறல் இல்லாததால் வீட்டிலேயே தனி அறையில் இருக்கச் சொல்லி அனுப்பினார்கள். அப்போதிருந்த அரசு வழிகாட்டுதலின்படி, அறிகுறி தோன்றி பத்து நாட்களேனும் கழிய வேண்டும். கடைசி மூன்று நாட்கள் காய்ச்சல் இருத்தல் கூடாது. மாமுவின் மகள் தொலைபேசியில் இதை எனக்குத் தெரிவித்துவிட்டது. நன்னிக்கு மட்டும் எவரும் சொல்லவில்லை. வயதானவர்கள், மனம் கலங்கிவிடுவார்கள் என்று மறைத்துவிட்டோம்.

பெருநாள் காலை. கதவு தட்டும் ஓசை கேட்டுத் திறந்தேன். புத்தாடை உடுத்தி, அத்தர் பூசி, கையில் இனிப்புடன் மாமு நின்றார். அவருக்கு அது நோயின் ஆறாம் நாள். என் கண்கள் அவருடைய கண்களைச் சந்தித்தன. எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் புரிந்தது. "மாமு, இன்னும் ஐந்து நாட்கள் பொறுத்து வாருங்கள்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சிறு வயதில் என் கையைப் பிடித்து மத்ரஸாவில் சேர்த்துவிட்டவர் அவர். பெருநாளும் அதுவுமாக வாசலில் வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்ப என் நா எழவில்லை. "வாங்க மாமு" என்று வழிவிட்டேன். பல்லாண்டுகள் மிம்பரில் நின்று பயான் செய்தவன், என் வீட்டு வாசலில் ஊமையானேன்.

அவர் தாயாரின் அருகில் அமர்ந்து, கையைப் பற்றிக்கொண்டு, அரை மணி நேரம் பேசிவிட்டுச் சென்றார். நான்கு நாட்களில் நன்னிக்குக் காய்ச்சல். பின்னர் என் தாயாருக்கும். நன்னியின் ஆக்சிஜன் அளவு 88-க்கு இறங்கியது, மருத்துவமனையில் சேர்த்தோம். திரும்பி வரவில்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். தாயார் அல்லாஹ்வின் அருளால் நலமடைந்தார்கள். ஜனாஸாத் தொழுகையில் நின்றவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே.

எவர் வழியாக நோய் வந்தது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. அக்காலத்தில் கடைக்குப் போய் வந்தவன் நான். அது நானாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் குடும்பம் ஒரு தீர்ப்பை எழுதிவிட்டது. அடக்கத்தலத்திலேயே என் தம்பி மாமுவைக் கடுஞ்சொல் கூறினான். அன்று முறிந்த பேச்சு இரண்டாண்டுகள் முறிந்தே கிடந்தது.

அவர் ஏன் அப்படிச் செய்தார்?

அன்பர்களே! தனிமையை மீறும் உறவினரைப் பொறுப்பற்றவர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். அவர் மனத்துள் என்ன இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை.

சிலர் தம் உடல்நிலையை வைத்து நோயை எடை போடுவர். காய்ச்சல் விட்டது, நடமாட முடிகிறது, இனி என்ன என்று கருதுவர். அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இரு நாட்கள் முன்பிருந்தே இந்நோய் பிறருக்குத் தொற்றக்கூடும் என்பதும், இலேசாகக் கண்டவரிடமிருந்து பெற்ற முதியவருக்கு அது கடுமையாகலாம் என்பதும் அவர்களுக்கு எட்டுவதில்லை.

சிலருக்கு அவமான அச்சம். 2020-இல் நோய் கண்ட வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டதையும், சில இடங்களில் தகரம் வைத்து அடைக்கப்பட்டதையும் நாம் கண்டோம். அவ்வாண்டு ஏப்ரலில் ஒரு நோயை நம் சமுதாயத்தின் பெயரோடு சேர்த்துப் பேசியதையும் கேட்டோம். அதைக் கண்டவர் தம் நோயை மறைத்து, ஒன்றும் இல்லாதவர் போல் நடமாட எண்ணுவது வியப்பன்று.

சிலருக்கு வயிற்றுப்பாடு. அன்றாடம் கடை திறந்தால்தான் அடுப்பு எரியும். சிலரோ, அல்லாஹ் நாடியது நடக்கும் என்று கூறித் தவக்குல் என்பதைத் தவறாக விளங்கிக்கொள்வர்.

சட்டமும் கனிவும்

கொள்ளைநோய் பரவியிருந்த ஷாம் நாட்டின் எல்லையில், ஸர்ஃ என்னுமிடத்திலிருந்து ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் திரும்பிய வரலாற்றை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, விலகிச் செல்வதும் அவனுடைய விதியைச் சார்ந்ததே என்று அவர்கள் விளக்கினார்கள். ஆகவே தவக்குல் என்று கூறி நோயுடன் பிறர் வீட்டுக்குச் செல்ல நமக்கு ஆதாரம் இல்லை.

நம் விஷயத்திற்கு மிகவும் நெருக்கமான வேறு இரு செய்திகள் உண்டு. ஸகீஃப் கூட்டத்தார் பைஅத் செய்ய வந்தபோது அவர்களில் ஒருவருக்குத் தொழுநோய் இருந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் அவருக்கு ஆளனுப்பி, அவருடைய பைஅத் ஏற்கப்பட்டது, திரும்பிச் செல்லலாம் என்று தெரிவித்தார்கள். அவர் தொலைவில் இருந்தார். எனினும் உறவு ஏற்கப்பட்டது. அவருக்குரிய ஒன்றும் குறைக்கப்படவில்லை.

மற்றொன்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ளது. தொழுநோயுற்ற ஒரு பெண்மணி கஅபாவைத் தவாஃப் செய்துகொண்டிருந்தார். உமர் (ரலி) அவர்கள் அவரிடம், மக்களுக்குத் துன்பம் தரவேண்டாம், வீட்டில் இருந்தால் நலம் என்று நேரில் சொன்னார்கள். அவரும் வீட்டில் அமர்ந்தார். பிற்காலத்தில் ஒருவர் வந்து, தடுத்தவர் இறந்துவிட்டார், இனி நீர் வெளியே வரலாம் என்றார். உயிரோடு இருந்தபோது கீழ்ப்படிந்துவிட்டு, இறந்தபின் மாறு செய்ய மாட்டேன் என்று அப்பெண்மணி மறுத்துவிட்டார். கஅபாவின் நிழலில், வணக்கத்தில் இருந்தவரிடமே சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள் அமீருல் மூமினீன். நானோ பெருநாளைக் காரணம் காட்டி வாய் மூடினேன்.

கூட்டம் கூடுவதன் தீங்கைப் பெரியோர் கண்கூடாகக் கண்டு எழுதியும் வைத்தார்கள். ஹாஃபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் தம் புதல்வியர் மூவரைக் கொள்ளைநோயில் இழந்தவர்கள். 'பத்லுல் மாஊன்' என்னும் நூலில், ஹிஜ்ரி 833-இல் கெய்ரோவில் மக்கள் வெட்டவெளியில் திரண்டு துஆ செய்த செய்தியைப் பதிவு செய்கிறார்கள். அதற்கு முன் நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவாக இருந்த இறப்பு, அம்மாதம் முடியுமுன் ஆயிரத்தைத் தாண்டியது. துஆவுக்காகக் கூடியதற்கே இந்நிலை என்றால், விருந்துக்கும் நலம் விசாரிக்கவும் செல்வது பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது: காரணத்தைக் கேளுங்கள். கடைதான் கவலை எனில், பத்து நாள் கடையை யார் பார்ப்பது என்று பேசுங்கள். தனிமைதான் வாட்டுகிறது எனில், தினமும் நேரம் குறித்துத் தொலைபேசியில் பேசுங்கள். சோறும் மருந்தும் வாசற்படியில் வைத்துவிட்டு எட்டி நின்று குரல் கொடுங்கள். ஆக்சிஜன் அளவு பார்க்கும் சிறு கருவி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். அளவு 94-க்குக் கீழ் இறங்கினால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று சொல்லி வையுங்கள். தேவை தீர்ந்தால் பெரும்பாலோர் வெளியே வரமாட்டார்கள்.

இரண்டாவது: தனியே சொல்லுங்கள். குடும்பத்தார் அனைவரும் பார்க்கும் வாட்ஸ்அப் குழுவில் கண்டிப்பது திருத்தம் ஆகாது, அவமானமே மிஞ்சும். எவர் சொன்னால் கேட்பாரோ அவரைச் சொல்ல வையுங்கள். மகளோ, நெடுநாள் நண்பரோ, மருத்துவரோ.

மூன்றாவது: கேளாவிட்டால், உங்கள் வாசல் உங்கள் பொறுப்பு. வயதில் மூத்தவரை வராதீர்கள் என்பது மரியாதைக் குறைவு என்று எண்ணாதீர்கள். குரலைத் தாழ்த்தி, ஸலாம் கூறி, நாள் குறித்து, அதன்பின் வருமாறு அழையுங்கள். பத்து நாள் விலகி நிற்பது உறவை முறிப்பது ஆகாது. அவர் வந்தே தீர்ந்தால், வீட்டு முதியவர்களை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, முகக்கவசத்துடன் திறந்த வெளியில் நின்று பேசி அனுப்புங்கள்.

நான்காவது: ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவரிடம் உண்மையை மறைக்காதீர்கள். அது புறம் பேசுதல் ஆகாதா என்று சிலர் கேட்பர். தீங்கிலிருந்து பிறரை எச்சரிப்பது, அனுமதிக்கப்பட்ட ஆறு சூழ்நிலைகளுள் ஒன்று என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் விளக்கியுள்ளார்கள். தேவையுள்ளவரிடம் தேவையான அளவு சொல்லவேண்டும். ஊரெங்கும் பரப்புதல் கூடாது.

மாமு சொன்னது

2023-ஆம் ஆண்டு, நன்னியின் நினைவு மேலிட்ட ஒரு நாள், நானே மாமுவின் வீட்டுக்குச் சென்றேன். நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர் சொன்னார்: "பெருநாளுக்கு முந்தின இரவு அம்மா போன் செய்து, காலையில் வந்துவிடுவாயல்லவா என்று கேட்டார்கள். எனக்கு நோய் என்று அவர்களிடம் நான் எப்படிச் சொல்வேன்? வாசல் வரை வந்து பார்ப்போம், நீ தடுத்தால் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தேன். நீ ஹழ்ரத் ஆயிற்றே, மருமகனே. நீயே வாங்க என்று சொன்னதும், பரவாயில்லை போலும் என்று உள்ளே வந்துவிட்டேன்."

பெரியோர்களே! என் மௌனத்தை மரியாதை என்று நான் எண்ணியிருந்தேன். அவர் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டார். நன்னியிடம் மறைத்ததைக் கருணை என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அவர்களுக்குத் தெரிந்திருந்தால், வராதே மகனே என்று தாமே தடுத்திருப்பார்கள். அந்த அரை மணி நேரத்தில் எங்கள் எல்லோருக்கும் பங்கு இருந்தது. குற்றத்தை மட்டும் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டோம். அன்று மாமுவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரும் கேட்டார். தம்பி மறு வாரம் சென்று ஸலாம் கூறினான். பழைய நெருக்கம் முழுமையாகத் திரும்பிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எனினும் பெருநாளன்று ஒரே தஸ்தர்கானில் அமர்கிறோம்.

இங்கே அமர்ந்திருக்கும் அவ்விரு குடும்பத்தாருக்கும் நான் சொல்வது இதுவே. எவரால் வந்தது என்னும் கணக்கை அல்லாஹ்விடம் விட்டுவிடுங்கள். அன்று சொல்லத் தவறியதற்கும், பின்னர் அதிகமாகச் சொல்லிவிட்டதற்கும் ஒருவரையொருவர் மன்னித்துவிடுங்கள். மீண்டும் ஒரு நோய்க் காலம் வருமானால், சொல்ல வேண்டியதை வாசலிலேயே, அன்போடு சொல்லிவிடுங்கள்.

அந்நோயில் மரணித்த நம் ஜமாஅத்தார் அனைவரின் பிழைகளையும் வல்ல ரஹ்மான் பொறுத்தருள்வானாக! முறிந்த உறவுகளைச் சேர்த்து வைப்பானாக! நம்மையும் நம் முதியோரையும் நோய் நொடிகளிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.