உள்ளங்கை அளவு பேக்கிங், இரண்டு நாள் தண்ணீர்

(பொதுக்குழுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)



போன கோடையில் இரண்டு நாள் லாரித் தண்ணீரை நம்பி இருந்தோமே, மறந்திருக்க மாட்டீர்கள். பம்ப்பில் உள்ளங்கை அளவு ரப்பர் பேக்கிங் ஒன்று கிழிந்ததுதான் காரணம். பழைய மாடல், கடையில் கிடைக்கவில்லை. பேத்தி படம் வரையும் டேப்லெட்டில் அதை நகலெடுத்து வெட்டித் தருகிறேன் என்று நான்தான் முன்வந்தேன். முதலில் வெட்டியதில் போல்ட் துளைகள் பொருந்தவில்லை. இரண்டாம் நாள் வீணானதற்கு நானே பொறுப்பு.

தவறு இதுதான். டேப்லெட்டின் நீள அகல விகிதம் வேறு, கணினித் திரையின் விகிதம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கும் அமைப்பை நான் கவனிக்கவில்லை. வட்டம் முட்டையாகிவிட்டது.

சரியான வழியைச் சொல்கிறேன், நீங்களும் செய்யலாம். தாளில் 100 மி.மீ. சதுரம் ஒன்று போடுங்கள். கிழிந்த துண்டுகளை அதற்குள் சேர்த்து வைத்து, கூரான பென்சிலால் ஓரம் வரையுங்கள். தாளை டேப்லெட்டில் டேப் போட்டு ஒட்டுங்கள். மவுஸ் முறை வேண்டாம், பேனா முறையில் வையுங்கள். வரைபட மென்பொருளில் முதலில் சதுரத்தின் நான்கு மூலைகளையும் குறியுங்கள். பக்கங்கள் சமமாக இல்லையென்றால் விகிதத்தைத் திருத்துங்கள். பிறகு பேனாவை நிமிர்த்திப் பிடித்து ஓரத்தைத் தொடருங்கள். முடியும்வரை திரையைப் பெரிதாக்கவோ நகர்த்தவோ கூடாது, அளவு குலைந்துவிடும்.

சதுரத்தின் பக்கம் திரையில் 80 என்று வந்தால், படம் முழுவதையும் 1.25 மடங்கு பெரிதாக்க வேண்டும். அப்போது 100 ஆகிவிடும். துளைகளை மட்டும் கையால் வரையாதீர்கள். விட்டத்தையும் இடைவெளியையும் வெர்னியரில் அளந்து எண்ணாகக் கொடுங்கள். தடிமன் டேப்லெட்டுக்குத் தெரியாது. அதைப் படத்தின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள்.

ரப்பரை வெட்டுமுன் 100 சதவீத அளவில் தாளில் அச்செடுத்து, பம்ப்பின் மேல் வைத்துப் பாருங்கள். அன்று இந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

அந்தப் பேக்கிங்கின் படம் இப்போது சங்கத்தின் கணினியில் இருக்கிறது. உங்களிடம் ஒரு வேண்டுகோள். மோட்டார் ரூமிலோ கேட்டிலோ தட்டையான பழைய பாகம் எதையாவது கழற்றினால், குப்பையில் போடுமுன் என்னிடம் கொடுங்கள். அடுத்த முறை நான் ஊரில் இல்லாவிட்டாலும் தண்ணீர் நிற்கக் கூடாது.