பதிவேட்டைப் படிக்கும் கல்வி
(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



'கல்வியும் நீதியும்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அமெரிக்க நாட்டில் நடந்த ஒரு வழக்கைக் கொண்டு அதனை விளக்க விரும்புகிறேன். கடல் கடந்த கதை நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டா. 1946-ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின மக்களின் பேரறிஞரான டு பாய்ஸ் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அம்மக்களின் நிலையும் இங்குள்ள தீண்டப்படாதார் நிலையும் பெரிதும் ஒத்தவை என்று அதில் குறிப்பிட்டார். ஆகவே அவர்கள் பட்ட துன்பமும், அதனின்று மீளக் கண்ட வழியும் நமக்கும் பாடங்களே.

1931 மார்ச் 25. அலபாமா மாநிலத்தில் ஓடிய ஒரு சரக்கு ரயிலில் வெள்ளை இளைஞர் சிலருக்கும் கறுப்பின இளைஞர் சிலருக்கும் கைகலப்பு நேர்ந்தது. ஆயுதம் தாங்கிய கூட்டம் வண்டியை நிறுத்தி, ஒன்பது கறுப்பினத்தாரைப் பிடித்தது. பதின்மூன்று வயதுச் சிறுவனும் அவர்களுள் ஒருவன். அவ்வண்டியில் வந்த இரு வெள்ளைப் பெண்கள், இவர்கள் தம்மைக் கெடுத்ததாகக் கூறினர். ஸ்காட்ஸ்பரோ என்னும் ஊரில் வழக்கு நடந்தது. விசாரணை தொடங்கும் காலை வரை இவர்களுக்கென்று உறுதியாக ஒரு வழக்கறிஞர் இல்லை. ஜூரிகள் அனைவரும் வெள்ளையர். சில நாட்களிலேயே எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது!

மேல்முறையீடு அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. உயிர் போகும் வழக்கில், தனக்கென வழக்கறிஞர் வைத்து வாதாட இயலாத ஏழைக்குப் பயனுள்ள வகையில் வழக்கறிஞர் துணை தர வேண்டும் என்று 1932-இல் தீர்ப்பு வந்தது. 1933-இல் மறுவிசாரணை. குற்றஞ்சாட்டிய பெண்களில் ஒருவரே, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று மன்றத்தில் சாட்சி சொன்னார். இருந்தும் வெள்ளை ஜூரிகள் மீண்டும் குற்றவாளி என்றே கூறினர்.

இளைஞர்களே! இனிச் சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள். 'எங்கள் மாவட்டத்தில் ஜூரிப் பட்டியலில் கறுப்பினத்தார் பெயர்களும் உண்டு' என்று அதிகாரிகள் பதிவேட்டைக் காட்டினர். வழக்கறிஞர் லைபோவிட்ஸ் அப்பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். அப்பெயர்கள் பின்னாளில் நுழைக்கப்பட்டவை என்று கையெழுத்து வல்லுநரைக் கொண்டு காட்டினார். முன்னரே இழுத்திருந்த சிவப்புக் கோட்டின்மேல் அவ்வெழுத்துகள் ஏறி நின்றன! உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பூதக்கண்ணாடி வைத்து அவற்றைப் பார்த்தனர். நிறத்தின் பேரால் ஜூரியிலிருந்து விலக்குதல் செல்லாது என்று 1935 ஏப்ரல் 1-இல் தீர்ப்பளித்தனர். பள்ளிப் பதிவேடுகளோடு வாழ்நாளைக் கழித்தவன் நான். பிற்பாடு இடுக்கில் எழுதிய பெயர் எப்படியிருக்கும் என்பதை அறிவேன். அநீதி துப்பாக்கியில் மட்டும் இருப்பதன்று. அது பதிவேட்டிலும் ஒளிந்திருக்கும்.

வெற்றி முழுமையாக வந்ததா? இல்லை. 1937-இல் நால்வர் விடுவிக்கப்பட்டனர். ஐவர் சிறையிலேயே இருந்தனர். கடைசி மனிதர் வெளிவந்தது 1950-இல். அவர்களுள் ஒருவரான கிளாரன்ஸ் நாரிஸ் 1976-இல்தான் மன்னிப்புப் பெற்றார். மூவருக்கு, அவர்கள் மறைந்து பல்லாண்டு கழித்து, 2013-இல் மன்னிப்பு வழங்கப்பட்டது.

நோயும் அத்துடன் தீரவில்லை. 1987-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கறுப்பின இளைஞருக்கு வெள்ளை ஜூரிகளே மரண தண்டனை தந்தனர். பின்னாளில் தகவல் பெறும் சட்டத்தின் வழியே அரசுத் தரப்புக் குறிப்புகள் கிடைத்தன. கறுப்பின ஜூரிகளின் பெயர்கள் பச்சை வண்ணம் தீட்டி அடையாளமிடப்பட்டிருந்தன! 2016-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிரான தீர்ப்பைத் தள்ளியது. அவர் குற்றம் செய்தாரா என்பது வேறு. விசாரணை நேர்மையாக நடந்ததா என்பதே அங்கு எழுந்த வினா. அங்கும் உண்மையைச் சொன்னது ஒரு காகிதமே.

நம் நாட்டில் ஜூரி முறை இன்றில்லை. ஆனால் காவல் நிலையப் பதிவேடு உண்டு. முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் தந்தவர் கட்டணமின்றிப் பெறலாம். கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேசுவது அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு தரும் உரிமை. பட்டியல் இனத்தார்க்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி வழங்க 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கையில் இருக்கிறது. இவையெல்லாம் இருந்தும், எழுதியதைப் படித்துப் பாராமல் கைநாட்டு வைத்து வரும் நம்மவர் எத்தனை பேர்!

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுண்டு. பட்டம் பெற்ற ஒவ்வோர் இளைஞரும் நம் தெருவில் எவர் காவல் நிலையம் சென்றாலும் உடன் செல்லுங்கள். எழுதப்பட்டதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். பொருள் விளங்கிய பின் கையொப்பமிடச் சொல்லுங்கள். நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நம்முள் சிலர் சட்டம் பயிலுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் தந்த எழுத்தறிவு, வேலைக்கான சான்றிதழோடு நின்றுவிடாமல், ஆளற்றவனுக்கு ஆளாக நிற்கட்டும்.