பிறப்புப் பத்திரமும் தேவாலயமும்
(எஸ்பியர்க் ஒன்றுகூடலில் பேசியது)

நான் ஏ.எல். வரை படித்த தொழிற்சாலைத் தொழிலாளி, சட்டத்தரணி அல்ல. ஆனாலும் பிள்ளை பிறந்த வீடுகளில் கேட்பார்கள்: "தம்பி, நாங்கள் சைவம். பிறப்பை ஏன் தேவாலயத்தில் பதிய வேணும்?"

பயப்படாதேயுங்கோ. டென்மார்க்கில் அரசுக்காகப் பிறப்புப் பதிவேட்டை வைத்திருப்பது தேவாலய அலுவலகந்தான். பதிவதால் ஒருவரும் கிறிஸ்தவராவதில்லை, ஞானஸ்நானம் வேறு. தெற்கே ஹாதர்ஸ்லேவ் பக்கம் மட்டும் கொம்யூன் பதிகிறது. 1864 போரில் இழந்து 1920இல் திரும்பக் கிடைத்த மண் அது. ஜேர்மன் ஆட்சியின் வழக்கம் அங்கே நிலைத்துவிட்டது.

பெயரை ஆறு மாதத்துக்குள் வைக்கவேணும். சாத்திரியார் எழுத்துச் சொல்லட்டும் என்று இழுக்காதேயுங்கோ. எழுத்துக்கூட்டலைத் தகப்பனின் கடவுச்சீட்டோடு ஒத்துப் பாருங்கோ.

இன்னொன்று. இங்கே பிறந்த பத்திரம் டெனிஷ் குடியுரிமை ஆகாது. பெற்றோர் இலங்கைப் பிரசைகளென்றால், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டப்படி ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரகத்தில் பதியவேணும். பிந்தினால் அனுமதி கேட்கவேணும். பதியாமல் விட்டால் பிள்ளை இரண்டு நாட்டுக்கும் இல்லாமல் நிற்கும். ஆனால் அகதி அந்தஸ்துள்ளவர்கள் தூதரகப் படி ஏறமுன் ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கோ. அந்தஸ்துக்கே கேள்வி வரலாம்.

சந்தேகமுள்ளவர்கள் தேத்தண்ணி நேரம் பத்திரத்தோட வாங்கோ, சேர்ந்து பார்ப்பம்.