உறுப்பினர் அட்டையும் உழைப்பவர் உரிமையும்

(திரைத்துறைத் தொழிலாளர் பிரச்சனைகள் குறித்துத் திருவனந்தபுரத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மலையாளத்தின் முதல் மௌனப்படமான ‘விகதகுமாரன்’ திரையிடப்பட்டது இதே திருவனந்தபுரத்தின் கேபிடல் அரங்கில்தான். அதை எடுத்த ஜே.சி. டேனியல் இன்றைய குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்தவர். அதில் நாயகியாக நடித்த பி.கே. ரோசி ஒரு தலித் கூலித் தொழிலாளி. நாயர் குடும்பப் பெண் வேடத்தில் அவர் திரையில் தோன்றியதைச் சாதி வெறியர்களால் பொறுக்க முடியவில்லை. அவர் தாக்கப்பட்டார், ஊரைவிட்டே விரட்டப்பட்டார். எஞ்சிய வாழ்நாளைத் தமிழ் மண்ணில் யாரென்று அறியப்படாமலே கழித்தார். அன்று அவருக்காகக் குரல் கொடுக்க ஒரு சங்கம் இல்லை.

இன்று சங்கங்கள் இருக்கின்றன. அந்தச் சங்கங்களின் கதவு யாருக்குத் திறக்கிறது, யாருக்கு மூடுகிறது, வெளியே நிற்பவரின் கதி என்ன என்பவையே இப்போது எழும் கேள்விகள்.

திலகனுக்கு நேர்ந்தது

2008இல் இயக்குநர் வினயன் முன்னணியில் இருந்த மாக்டா கூட்டமைப்பு பிளவுற்றது. பிரிந்து சென்றவர்கள் ஃபெப்கா என்ற கூட்டமைப்பை உருவாக்கினர். அதன்பின் வினயனின் படங்களில் பணியாற்றுவதே குற்றமாகக் கருதப்பட்டது. நாடக மேடையில் வளர்ந்து, கே.பி.ஏ.சி.யிலும் நடித்து, மலையாளத் திரையின் மாபெரும் கலைஞர்களில் ஒருவராக உயர்ந்த திலகன் வினயனின் படத்தில் நடித்தார். அதன் விளைவாக 2010இல் அவர் கையிலிருந்த ஒரு படவாய்ப்பு பறிபோனது. அவர் வெளிப்படையாகப் பேசியதற்காக நடிகர்களின் அமைப்பான ‘அம்மா’வும் அவர்மீது நடவடிக்கை எடுத்தது. எழுபத்தைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்த அந்தக் கலைஞர் மீண்டும் மேடைக்கே திரும்ப நேர்ந்தது. 2011இல் வெளிவந்த ‘இந்தியன் ருப்பி’யில்தான் திரையுலகம் அவரை மறுபடி ஏற்றது. 2012 செப்டம்பரில் இதே நகரில் அவர் காலமானார்.

வினயன் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டார். 2017 மார்ச்சில் ஆணையம் ‘அம்மா’வுக்குச் சுமார் 4 லட்சம் ரூபாயும், ஃபெப்காவுக்குச் சுமார் 85 ஆயிரம் ரூபாயும் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தோற்றன. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

இந்தத் தீர்ப்பைக் கண்டு தொழிற்சங்க இயக்கம் மகிழ்ந்துவிட முடியாது. வணிக நிறுவனங்களின் கூட்டுச்சதியைத் தடுக்க வந்த சட்டம் அது. தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்து கூலி கேட்பதையும் கூட்டுச்சதி என்று சொல்லும் நாள் வந்தால், 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் தந்த பாதுகாப்பு காற்றில் பறந்துவிடும். ஆயினும் அந்தச் சட்டம் உள்ளே நுழைய வழி திறந்துவிட்டது யார்? முதலாளிக்கு எதிராக எடுக்கவேண்டிய ஒத்துழையாமை என்னும் ஆயுதத்தைச் சக தொழிலாளி மீதே திருப்பியவர்கள்தான். கூலி கொடுக்காத தயாரிப்பாளரின் படத்தைப் புறக்கணிப்பது போராட்டம். தலைமையை எதிர்த்துப் பேசியவரின் பிழைப்பைக் கெடுப்பது பழிவாங்கல். இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டுவது தொழிற்சங்கம் என்ற சொல்லுக்கே இழுக்கு.

சங்கமா, சபையா?

1994இல் உருவான ‘அம்மா’, சட்டப்படி ஒரு தொழிற்சங்கம் அல்ல. சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் அமைந்த நல அமைப்பு. மூத்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை வழங்குகிறது. மருத்துவ உதவி செய்கிறது. இவை மதிக்கத்தக்க பணிகள். ஆனால் கூலி விகிதம், பணி நேரம், எழுத்து மூலமான ஒப்பந்தம் ஆகியவற்றுக்காகப் பேரம் பேசுவது அதன் வேலையாக இருக்கவில்லை. உறுப்பினர்கள் சுமார் 500 பேர். கோடிகளில் ஊதியம் பெற்றுத் தாமே படம் தயாரிக்கும் நட்சத்திரமும், ஆண்டுக்கு இரண்டு படம் கிடைத்தால் போதும் என்றிருக்கும் குணச்சித்திர நடிகரும் அதே பட்டியலில் இருக்கிறார்கள். முதலாளியும் தொழிலாளியும் ஒரே அமைப்பில் இருந்தால் யாருடைய குரல் மேலோங்கும் என்பதைத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2017 பிப்ரவரியில் கொச்சியில் ஒரு நடிகை கடத்தப்பட்டு வன்கொடுமைக்கு உள்ளானார். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட நடிகரை 2018இல் அமைப்பு மீண்டும் சேர்த்துக்கொள்ள முடிவெடுத்தபோது, நான்கு நடிகைகள் உறுப்பினர் பதவியைத் துறந்து வெளியேறினர். 2017இலேயே உருவாகியிருந்த ‘விமன் இன் சினிமா கலெக்டிவ்’ என்ற பெண்கள் கூட்டமைப்பு, ஒவ்வொரு படப்பிடிப்புத் தளமும் பணியிடமே என்ற கோரிக்கையோடு நீதிமன்றம் சென்றது. ஒவ்வொரு தயாரிப்புக் குழுவும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவை அமைக்கவேண்டும் என்று 2022 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய அமைப்புகள் செய்யத் தவறியதை ஒரு சிறிய அணி சாதித்தது.

கூட்டத்தில் நிற்பவர்கள்

நீதிபதி ஹேமா தலைமையில், நடிகை சாரதாவும் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வல்சலகுமாரியும் அடங்கிய குழு 2019 டிசம்பர் 31 அன்று முதலமைச்சரிடம் அறிக்கையை அளித்தது. 2024 ஆகஸ்ட் 19 அன்றுதான் அது, சில பகுதிகள் நீக்கப்பட்ட நிலையில், வெளிவந்தது. இடதுசாரி அரசுதான் அந்தக் குழுவை அமைத்தது என்பது பெருமைக்குரியது. நாலரை ஆண்டுக்கு மேல் அறிக்கை வெளிவராமல் இருந்தது வேதனைக்குரியது. இரண்டையும் மறைக்காமல் சொல்வதே கட்சிப் பண்பு.

அறிக்கை வெளிவந்த சில நாட்களில் ‘அம்மா’வின் நிர்வாகக் குழு கூண்டோடு பதவி விலகியது. நட்சத்திரங்களின் பெயர்களைச் சுற்றியே செய்திகள் ஓடின. அறிக்கையில் துணை நடிகர்களைப் பற்றிய பகுதி அந்த இரைச்சலில் அமுங்கிப் போனது. ‘அம்மா’ அவர்களைக் கலைஞர்களாக ஏற்பதில்லை. ஃபெப்காவிலும் அவர்களுக்கு இடமில்லை என்று குழு பதிவு செய்தது. விடியுமுன் அழைத்துவரப்பட்டு நள்ளிரவு வரை நிறுத்திவைக்கப்படுகிறார்கள். குடிநீரோ கழிப்பறையோ கிடைப்பதில்லை. பேசிய கூலியில் ஒரு பங்கை ஆள் பிடிக்கும் ஏஜென்ட் எடுத்துக்கொள்கிறார். கேள்வி கேட்டவருக்கு அடுத்த அழைப்பு வருவதில்லை. திருவிழாக் காட்சியிலும் ஊர்வலக் காட்சியிலும் திரையை நிறைக்கும் இந்த மனிதர்கள் எந்த உறுப்பினர் பட்டியலிலும் இல்லை.

பிற நாட்டில், பக்கத்து வீட்டில்

அமெரிக்காவில் 1933இல் தோன்றிய ஸ்கிரீன் ஆக்டர்ஸ் கில்டிலும் சங்கத்துடன் ஒப்பந்தம் செய்யாத தயாரிப்பாளரிடம் உறுப்பினர் நடிக்கக் கூடாது என்ற விதி உண்டு. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இங்குள்ள தடையைப் போலவே தோன்றும். ஆனால் அங்கே அந்தத் தடைக்குப் பின்னால் ஓர் எழுதப்பட்ட ஒப்பந்தம் நிற்கிறது: குறைந்தபட்ச ஊதியம், பணி நேரம், ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு. எந்தத் தயாரிப்பாளரும் அதில் கையெழுத்திட்டால் தடை விலகிவிடும். துணை நடிகர்களுக்கென இருந்த தனிச் சங்கம் 1992இல் கலைந்தபின் அவர்களும் அந்தக் குடையின் கீழ் கொண்டுவரப்பட்டனர். 2023இல் 118 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது, கூட்டத்தில் நிற்பவரின் உருவத்தைக் கணினியில் நகலெடுப்பதற்கும் கட்டுப்பாடு கோரப்பட்டது. அங்கே தடை நிபந்தனைக்காக. இங்கே தடை நபருக்காக.

சென்னையிலும் ஒரு மரபு உண்டு. வங்கத்திலிருந்து வந்த நிமாய் கோஷும், இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனும் பொதுவுடைமை இயக்கத்தின் பிள்ளைகள். ஒளிப்பதிவாளர், இசைக்கலைஞர், லைட்மேன் எனப் பிரிந்து கிடந்தவர்களை ஒன்றுசேர்த்து தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்துக்கு அடித்தளமிட்டவர்கள் அவர்களே. தொழிலாளி அட்டை வாங்க வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தொழிலாளியைத் தேடிச் சென்றார்கள்.

செய்யவேண்டியது

முதலாவதாக, எழுத்து மூலமான ஒப்பந்தம். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தாலும் திரைத் தொழிலாளிக்கு அது வேண்டும் என்றது 1981ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். நடைமுறையில் அது ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது. இப்போது தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டுவிட்டது. ஹேமா குழு பரிந்துரைத்தபடி மாநிலமே தனிச் சட்டமும் தீர்ப்பாயமும் கொண்டுவருவது அவசரத் தேவை.

இரண்டாவதாக, ஏஜென்ட் ஒழியவேண்டும். அதற்குக் கேரளத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் சுமைத் தொழிலாளர் சட்டம் கங்காணிகளின் கையிலிருந்த தொழிலாளிக்குப் பதிவும் நலவாரியமும் தந்தது. சந்தையில் மூட்டை சுமப்பவருக்குக் கிடைத்தது படப்பிடிப்பில் வெயில் சுமப்பவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

மூன்றாவதாக, திறந்த சங்கம். அறிக்கைக்குப் பின் நடிகர்களில் ஒரு பகுதியினர் தொழிற்சங்கம் அமைக்க விரும்பி ஃபெப்காவை அணுகினர். 2025 ஆகஸ்டில் ‘அம்மா’ முதன்முறையாக ஒரு பெண்ணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. இவை வரவேற்கத்தக்க மாற்றங்கள். ஆனால் ஒரு நாள் கூலிக்கு நிற்பவரும் உறுப்பினராக முடிந்தால்தான், மாறுபட்டுப் பேசுபவரும் உறுப்பினராகவே நீடிக்க முடிந்தால்தான், அது சங்கம்.

சங்கத்துக்கு வெளியே வேலை செய்பவரைக் கருங்காலி என்று ஏசுவது எளிது. அவர் உள்ளே வர வழியிருந்ததா என்று முதலில் கேட்கவேண்டும். வழியை அடைத்துவிட்டு வெளியே நிற்பவரைத் தண்டிப்பது எந்தத் தொழிலாளி வர்க்க ஒழுங்கிலும் இல்லை. ரோசி ஓடிப்போன பாதை இந்த நகரிலிருந்துதான் தொடங்கியது. இனி எந்தக் கலைத் தொழிலாளியும் அந்தப் பாதையில் தனியே நடக்க நேராமல் காப்பது செங்கொடி இயக்கத்தின் கடமை.